இருபத்து மூன்று பிள்ளைகளின் பள்ளிக்குப் பெற்றோரை எதற்கு அழைப்பது?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டு 23 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் 16. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இருக்கும் ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடமே தடுமாற்றம் என்பதைத் தலைமையாசிரியை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னார். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொடுத்த 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதையும் இந்த ஆண்டின் உழைப்பையும் எதில் போடுவது என்று குழு முடிவு செய்ய வேண்டும். கல்வியாளர் என்ற பெயரில் நானும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினன் என்பதால், முன்வைக்கப்பட்ட வழிகளை ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

அன்றைய கூட்டத்தில் ஆசிரியர் தரப்பு சொன்னது, பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை என்பது. பெற்றோர் தரப்பு சொன்னது, பள்ளியில் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஒத்துழைப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த ஊரில் பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன், “கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க வாத்தியாரே” என்று சொல்லிவிட்டுப் போவார். அதுவும் ஒரு வகை ஈடுபாடுதான். பிள்ளையை முழுவதுமாக ஒப்படைத்துவிட்டு விலகி நிற்கும் ஈடுபாடு. அடி நின்றுவிட்டது, ஒப்படைப்பு மட்டும் நிற்கவில்லை.

குறை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஊரகக் குழந்தைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் பத்துக்கு நான்கு பேராக இருந்தனர். கொரோனாவுக்குப் பின் 2022இல் அது நான்கில் ஒருவராகச் சரிந்து, 2024இல் மூன்றில் ஒருவரைச் சற்றுத் தாண்டியது. சிறிய பள்ளியில் இதன் மேல் இன்னொரு சுமையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தாம். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால், அல்லது கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்ற உட்கார்ந்துவிட்டால், ஐந்து வகுப்புகளும் ஒருவர் தலையில் விழும். ஐந்தரை மணி நேரக் கற்பித்தலை ஐந்தால் வகுத்தால் வகுப்புக்கு ஒரு மணி நேரமும் சொச்சமும் வரும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகச் சேர்த்து உட்கார வைப்பதால் கணக்கு இவ்வளவு கறாராக இராது என்றாலும், எழுத்துக்கூட்டத் திணறும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது படிப்பதைப் பத்து நிமிடம் கேட்க அந்த நாளில் ஆள் இல்லை என்பதே நிலை. ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன். இதைச் செய்தால் அந்த ஐந்து பிள்ளைகளும் வாய்விட்டுப் படிப்பதை, நாளொன்றுக்குப் பத்து நிமிடமாவது, யாராவது கேட்பார்களா?

முதல் வழி மேலாண்மைக் குழுவையே வலுப்படுத்துவது. கூட்டத்தைத் தவறாமல் கூட்டுவது, பெற்றோருக்குச் சட்டத்தையும் உரிமைகளையும் விளக்குவது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் கிராம சபையில் வைப்பது ஆகியவை இதில் அடங்கும். சட்டம் இதற்கு நல்ல அடித்தளம் போட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் 15 பெற்றோர் உட்பட 20 உறுப்பினர்களுடன் மறுகட்டமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 15 பெற்றோர் மற்றவர்களின் பிரதிநிதிகள். எங்கள் பள்ளியிலோ 16 வீடுகளில் 15 வீடு குழுவுக்குள் வந்துவிடுகிறது, பிள்ளைகளைவிடக் குழு ஒரு தலை பெரியதாகவும் இருக்கிறது! இங்கே யாருக்கு யார் பிரதிநிதி? சிறிய பள்ளியில் குழுக் கூட்டம் என்பது ஏறத்தாழ முழுப் பெற்றோர் கூட்டமே. பத்துப் பேர் வரவில்லை என்றால் பத்து வீடு வரவில்லை என்று பொருள்.

அவர்கள் வராததற்குக் காரணம் அக்கறையின்மை என்று நான் நினைக்கவில்லை. கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போன தாய், காலையும் பிற்பகலும் கைபேசியில் படம் எடுத்து வருகை பதியும் இந்நாளில், நடுவில் எழுந்து வந்தால் அன்றைய கூலியை இழக்க நேரும். தை கழிந்ததும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிற குடும்பங்களில் பிள்ளைக்குப் பெற்றோர் என்று ஊரில் இருப்பது ஆயா மட்டுமே. வருகிறவர்களிலும் யார் பேசுகிறார்கள், யார் சுவரோரம் நின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள் என்பது ஊர்த் தெருவா காலனியா என்பதைப் பொறுத்திருக்கிறது. விதிப்படி தலைவர் பொறுப்பில் ஒரு தாய் இருக்கிறார். ஆனால் தீர்மானப் புத்தகத்தைப் பல நேரம் அவர் கணவர்தான் முதலில் வாங்கிப் பார்க்கிறார்.

இந்த வழியைப் பற்றிய மிகத் தெளிவான சான்று உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்திலிருந்து கிடைக்கிறது. 2005–06இல் அங்கே 280 கிராமங்களில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்புடன் சேர்ந்து அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே அங்குப் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்திருக்கவில்லை. சில ஊர்களில் கூட்டம் கூட்டிக் குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். வேறு சில ஊர்களில் அத்துடன் ஊராரைக் கொண்டே பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து, முடிவை ஊர் முன்னிலையில் வைக்கச் செய்தார்கள். மூன்றாவது வகை ஊர்களில் இவ்விரண்டோடு, உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்து பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தார்கள். முதல் இரண்டு வகை ஊர்களில் பெற்றோரின் ஈடுபாடும் மாறவில்லை, ஆசிரியரின் உழைப்பும் மாறவில்லை, பிள்ளைகளின் வாசிப்பும் மாறவில்லை. மூன்றாவது வகையில் இளைஞர்கள் ஊதியமில்லாமல் முன்வந்தார்கள், அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். வந்தவர்கள் மொத்தப் பிள்ளைகளில் சுமார் 8 விழுக்காட்டினரே என்பது அதன் குறை. அந்தக் குறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதிலிருந்து கூட்டமே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. 1950களின் பிற்பகுதியில், காமராசர் ஆட்சியில், அன்றைய கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் இதே போன்ற கிராமங்கள் பெஞ்சும் மணியும் சீருடையும் கட்டடமும் கொண்டுவந்து கொடுத்தன. ஊரார் கையில் இருந்த பொருளை, ஊரார் தரக்கூடிய வடிவில் கேட்டார்கள், கிடைத்தது. இப்போதைய கூட்டத்தில் கேட்கப்படுவதோ கண்காணிப்பு. எழுத்தறியாத ஒரு தாய், தன் பிள்ளைக்கு நாளைக்கும் பாடம் நடத்தப் போகிற ஆசிரியரை எப்படிக் கண்காணிப்பார்?

இரண்டாவது வழி வீட்டுக்குள் போவது. தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துவது, அல்லது பிள்ளையை வைத்துச் செய்ய எளிய பயிற்சித் தாள்களை வீட்டுக்குக் கொடுத்து வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று இரண்டு விதமாக இதைச் சொன்னார்கள். பீகாரிலும் ராஜஸ்தானிலும் 480 கிராமங்களில் இவ்விரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் செய்து பார்த்திருக்கிறார்கள். தாய்மார்கள் வீட்டில் பிள்ளையின் படிப்பில் கூடுதலாக ஈடுபட்டார்கள். பிள்ளைகளின் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் மிகச் சிறியது. இரண்டும் சேர்ந்த ஊர்களில் சற்றே கூடுதல். தாய் எழுத்தறிவு பெறுவது அதனளவிலேயே பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த ஏப்ரலுக்குள் ஐந்து பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பது இலக்கானால், அது சுற்றிப் போகும் பாதை.

இந்த வழியை முற்றிலும் தள்ளிவிட முடியாமல் செய்தது நான் நேரில் பார்த்த ஒரு காட்சி. நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா, “இவன் நல்லாப் படிப்பான் சார், கேளுங்க” என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுக்கச் சொன்னார். பையன் ஒரு பாடத்தைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்தான். அவன் விரலைப் பார்த்தேன். வாய் மூன்றாம் வரியில் இருக்க, விரல் ஐந்தாம் வரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் படத்தைப் பார்த்துப் பாடத்தை அடையாளம் கண்டு, வகுப்பில் கேட்டதைக் கேட்டபடியே சொல்கிறான். புத்தகத்தை மூடிவிட்டு, சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் காட்டி, இன்று என்ன கிழமை என்று போட்டிருப்பதை மட்டும் படிக்கச் சொன்னேன். ‘வி’ என்றான், பிறகு அம்மாவைப் பார்த்தான். அவர் முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கியது. “நான் கைநாட்டு சார். அவன் வாய் ஓடுறதப் பாத்துப் படிக்கிறான்னு நெனச்சிட்டு இருந்தேன்” என்றார்.

அந்தத் தாய்க்கு அக்கறை இருந்தது. தினமும் மாலையில் உட்கார வைத்துக் கேட்கவும் கேட்டிருக்கிறார். அவருக்கு இல்லாமல் இருந்தது ஓர் அளவுகோல்தான். எழுத்தறியாதவருக்கும் அதைக் கொடுக்க முடியும் என்பதை அன்றைக்கே கண்டுகொண்டோம். பாடப்புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளை அதுவரை பார்க்காத ஒன்றை, அதாவது மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாளையோ திருமண அழைப்பிதழையோ, நீட்ட வேண்டும். விரல் நிற்கும் இடத்தில் வாயும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். படித்து முடித்ததும், என்ன போட்டிருக்கிறது என்று அவனையே சொல்லச் சொல்ல வேண்டும். இதற்கு எழுத்து தெரியத் தேவையில்லை, செலவும் இல்லை. எழுத்தறிவு வகுப்பையும் பயிற்சித் தாள்களையும் விட்டுவிட்டு, இந்த ஒரு பழக்கத்தை மட்டும் இரண்டாவது வழியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது வழி, பெற்றோர் ஏற்கெனவே தாமாகக் கண்டுகொண்டிருக்கும் வழி. வேன் வரும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிவிடுவது. கூட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஊரில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் எத்தனை வீடு இதைத் தேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை ஈடுபாடு இல்லாமை என்று சொல்வது அநியாயம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற பெற்றோரின் ஈடுபாட்டைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. அது பலன் தருகிறதா என்பதே கேள்வி. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 180 கிராமங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக் கட்டணம் தரப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் தெலுங்கிலும் கணக்கிலும் அவர்களுக்கும் அரசுப் பள்ளியிலேயே தங்கியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. அரசுப் பள்ளிகளில் அதிகம் கற்பிக்கப்படாத இந்தியில் மட்டும் தெளிவான வேறுபாடு தெரிந்தது. தனியார் பள்ளிகள் இதை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் செய்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்கு இதில் முடிவு செய்ய ஒன்றுமில்லை. 30,000 ரூபாயில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மாதம் வேன் கட்டணம் கட்டுவது? எழுத்துக்கூட்டத் தெரியாத பையனைத் தெரியாத மொழியில் கொண்டுபோய் உட்கார வைப்பதால் அவன் படித்துவிடுவானா என்பதும் எனக்குக் கேள்வியே. இன்னும் இரண்டு வீடு இந்த வழியில் போனால் எங்கள் பள்ளி இருபதுக்கு இறங்கிவிடும் என்ற அச்சம் குழுவில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த அச்சத்தை வைத்துப் பெற்றோரைக் கட்டிப்போட முடியாது.

நான்காவது வழி மாலை மையம். கொரோனாக் காலப் பள்ளி மூடலுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியை எங்கள் ஊர் மறக்கவில்லை. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, படித்துவிட்டு ஊரில் இருந்த பெண்கள், மாலை வேளைகளில் குடியிருப்பிலேயே இருபது பிள்ளைகள் வரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு, பள்ளி மூடலால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் மீட்கப்பட்டதாகவும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்ததாகவும் கணக்கிட்டது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இந்த மையங்களுக்குக் கூடுதலாக வந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஜான்பூரில் எட்டு விழுக்காடு, இங்கே ஊரெல்லாம் வந்தது ஏன்? மையம் பிள்ளையின் தெருவிலேயே இருந்தது, நடத்தியவர் தெரிந்த வீட்டு அக்கா, ஊக்கத்தொகை சிறியதானாலும் மாதாமாதம் வந்தது. இந்த மூன்றும்தான் என்று நினைக்கிறேன். அந்த அக்கா கல்யாணமாகிப் போனதும், திட்டம் சுருக்கப்பட்டதும், எங்கள் மையம் நின்றுபோயிற்று.

செலவுக் கணக்கு எளிது. ஒரு தன்னார்வலருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,500 ரூபாய். கதைப் புத்தகங்களுக்கும் சிலேட்டுகளுக்கும் 5,000. அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலோ வேலை கிடைத்துப் போனாலோ பதிலுக்கு வர இரண்டாவதாக ஒருவரைப் பழக்கி வைக்க 4,500. மீதி 7,000 கையிருப்பு. மாலை ஒன்றரை மணி நேரத்தில், 15 பிள்ளைகள் வந்தாலும், படிக்கத் திணறும் ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். நான் முதலில் வைத்த கேள்விக்கு நேரடியாக ஆம் என்று பதில் தரும் வழி இது ஒன்றே.

இதற்கு எதிராகத் தலைமையாசிரியை சொன்னதை மறைப்பது நேர்மையன்று. மாலை மையம் வந்துவிட்டால், எழுத்து சொல்லிக் கொடுப்பது அங்கே நடக்கும், பாடத்தை முடிப்பது இங்கே நடக்கும் என்று பள்ளியே தன் கடமையைத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு என்றார். தன் பள்ளியைப் பற்றியே அப்படிச் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. அதற்காகவே நான் முதல் வழியைக் கைவிடாமல், இரண்டே வேலைக்குச் சுருக்கித் தரச் சொல்கிறேன். ஆசிரியர் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேறு பணிக்கு அழைக்கப்பட்டால், பதில் ஆள் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது ஒன்று. மாதம் ஒருமுறை அந்த ஐந்து பிள்ளைகளையும் எல்லோர் முன்னிலும் நிறுத்தாமல், ஆசிரியரும் தன்னார்வலரும் பிள்ளையின் வீட்டாரும் மட்டும் உட்கார்ந்து, புதுத்தாள் ஒன்றைப் படிக்க வைத்துப் பார்ப்பது மற்றொன்று. முதல் வேலையை ஒரு தனித் தாயால் செய்ய முடியாது, 24 கையெழுத்துகளால் முடியும். கூட்டத்தை வெள்ளி பிற்பகலோடு நிறுத்தாமல், இரவு ஏழு மணிக்கு இன்னொரு முறை கூடுவதைச் சட்டம் தடுக்கவில்லை.

எஞ்சியிருந்தது இடம். ஊர்த் தெருவில் ஒரு பெரிய திண்ணையைத் தருவதாக ஒருவர் முன்வந்தார், நல்ல மனத்தோடுதான். அங்கே காலனிப் பிள்ளைகள் முதல் வாரம் வருவார்கள், இரண்டாம் வாரம் குறைவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்து பேரில் நான்கு பேர் காலனிப் பிள்ளைகள். ஆகவே பள்ளிக் கட்டடத்திலேயே நடத்துவது என்று எழுதினேன். ஆசிரியர்கள் இருவரும் நகரத்திலிருந்து பேருந்தில் வந்து போகிறவர்கள், ஐந்து மணிக்குப் பள்ளியைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்று குழுவில் கேட்டார்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்ததிலிருந்து, மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு தாய் விடிந்ததும் வந்து கதவைத் திறந்து அடுப்பு மூட்டுகிறார். அவர் வீடு காலனியில், பிள்ளை மூன்றாம் வகுப்பில். பள்ளிக்குள் நாள் தவறாமல் வருகிற ஒரே பெற்றோர் அவர், ஆனால் குழுவின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே பாதி மாதங்கள் வெற்றிடமாக இருக்கின்றன. சாவி அவரிடம்தான் இருக்கிறது. மாலையிலும் திறந்துவிட முடியுமா என்று கேட்டபோது, “அஞ்சு மணிக்கு முடியாது சார், மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அஞ்சரைன்னா தொறக்கறேன்” என்றார். மையத்தின் நேரம் ஐந்தரை முதல் ஏழு என்று திருத்தி எழுதிக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன்.